பித்தளைப் புல்லியும் மூன்றாவது வரியும்

என் மனைவி கல்யாணமாகி பெங்களூர் பொம்மனஹள்ளிக்கு வந்தபோது தையல் மெஷினோடு ஓர் இசைத்தட்டையும் கொண்டுவந்தாள். அது தொண்ணூற்றொன்றாம் வருடம். எல்லா வீடுகளிலும் கேசட் வந்துவிட்டிருந்தது. தட்டைப் போட்டுக் கேட்க எங்களிடம் எதுவும் இல்லை. ஒரு தலையணை உறைக்குள் போட்டு, பீரோவில் சேலைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள். "இதைப் படுக்க வெக்காதீங்க, வளைஞ்சிடும்" என்று மட்டும் சொன்னாள்.

அது கடையில் விற்ற தட்டு அல்ல. கன்டோன்மென்ட் பக்கம் அவள் வளர்ந்த மாதா கோயில் பங்கின் பாடகர் குழு, கோயில் திருவிழாவுக்காகக் கொஞ்சம் பிரதிகள் மட்டும் போட்டது. அப்போது அவளுக்குப் பதினாறு வயது, அவள் அக்காவுக்குப் பதினெட்டு. இருவரும் அந்தக் குழுவில் பாடினார்கள். முதல் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு மாதா பாட்டு வருகிறது. அதில் நான்கு வரிகளை ஒரு பெண் தனியாகப் பாடுகிறாள். பிறகு எல்லோரும் சேர்ந்துகொள்கிறார்கள்.

அந்தப் பெண் யார் என்பதுதான் அவர்கள் வீட்டில் தீராத வழக்கு.

நடந்தது இதுதான். டேப் மெஷினோடு ஒருவர் வந்து கோயில் மண்டபத்தில் பதிவு செய்தார். அந்த நான்கு வரிகளை முதலில் அக்கா பாடினார். பாட்டு மாஸ்டர் என்ன நினைத்தாரோ, முழுப் பாட்டையும் இன்னொரு முறை எடுக்கச் சொல்லி, இந்த முறை தங்கையைப் பாட வைத்தார். "எது நல்லா இருக்கோ அதை அனுப்புறேன்" என்றார். எதை அனுப்பினார் என்று சொல்லவில்லை. தட்டு வருவதற்குள் வேலை மாறி ஊரை விட்டே போய்விட்டார். அட்டையில் பாடகர் குழு என்றுதான் இருந்தது. கூடப் பாடியவர்களைக் கேட்டால் பாதிப் பேர் அக்கா என்றார்கள், பாதிப் பேர் தங்கை என்றார்கள். இருவருக்கும் ஒரே ஜாடைக் குரல். ஃபோனில் பேசினால் இன்றைக்கும் எனக்குக் குழப்பம் வரும்.

கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து நான் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயர் வாங்கினேன். சூட்கேஸ் மாதிரி மூடி வைக்கலாம், மூடியே ஸ்பீக்கர். அதில் அந்தத் தட்டைப் போட்டதும் எனக்கு முதலில் கேட்டது பாட்டல்ல, மெஷினின் உறுமல்தான். அந்த உறுமலுக்கு மேலே, வெகு தூரத்தில், சினிமா கொட்டகைக்கு வெளியே நின்று கேட்பது போல ஒரு பெண் பாடினாள். தட்டு சுற்றுவதும் ஒரே சீராக இல்லை. குரல் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும்.

அக்கா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதைப் போடச் சொல்வார்.

"கேட்டியாடி? இது என் குரல். உனக்கு ஏது இவ்ளோ தெளிவு?"

"தெளிவா? இந்த மெஷின்ல உனக்குத் தெளிவா கேக்குதாக்கா? டாக்டர்கிட்ட காதைக் காட்டு."

"உன் வீட்டுக்காரர் மெஷின்தானே. அவரையே கேளு. தம்பி, நீங்க சொல்லுங்க, யார் குரல்?"

நான் தட்டைத் துடைப்பது போல எழுந்து போய்விடுவேன். நாலு பேர் பேசுகிற இடத்தில் என் குரல் எழும்பாது. தவிரவும் எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. நான் அடுகோடியில் ஒரு பட்டறையில் டர்னர். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், லேத்தில்தான் மற்றதைப் படித்தேன். லேத்தில் வெட்டுகிற டூல் இறுக்கமாக இல்லாவிட்டால் அதிரும். அந்த அதிர்வு கடைகிற ஜாபின் மேல் வரிவரியாக விழுந்துவிடும். நகத்தால் அதைத் தடவினால் கிர்ரென்று ஒரு சத்தம் வரும். எங்களுக்கு அது கெட்டுப்போன ஜாப். ஒரு நாள் அப்படி ஒன்றைத் தடவிக்கொண்டிருந்தபோது, இசைத்தட்டும் இதேதான் என்று தோன்றியது. யாரோ பாடினார்கள், ஒரு டூல் அதிர்ந்தது, அந்த அதிர்வு வரியாக விழுந்தது. அப்படியானால் அந்தப் பெண் யாரென்பது தட்டில் இருக்கத்தான் வேண்டும். எங்கள் மெஷினின் முள்ளுக்கு அதைத் தடவத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதை நான் வீட்டில் சொன்னபோது என் மனைவி அடுப்படியில் இருந்தாள். அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை வடித்துவிட்டுத்தான் சொன்னாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். அக்காவுக்குத் தெரியாது. நான் பாடும்போது மூணாவது வரியில மூச்சு பத்தல. நடுவுல வாங்கிட்டேன். மாஸ்டர் என்னைப் பாத்து முகத்தைச் சுளிச்சார். அக்கா அப்படி வாங்கல, ஒரே இழுப்புல போயிட்டா."

"அப்ப அந்த மூச்சு கேட்டா…"

"கேட்டா அது நான்."

அவள் அதற்குப் பிறகு பாடியதில்லை. கல்யாணம், பிள்ளைகள், கார்மென்ட்ஸ் வேலை. எங்கள் பங்கில் பாடகர் குழுவுக்குக் கூப்பிட்டார்கள், நேரமில்லை என்றுவிட்டாள். "உலகத்துல என்னோடதுன்னு எதாவது ஒண்ணு இருந்தா அந்த நாலு வரிதாங்க" என்று அன்றைக்குச் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், குக்கரை மூடிக்கொண்டே. தான் செய்த தப்பு தட்டில் இருக்க வேண்டும் என்று பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒருத்தி காத்திருக்கிறாள் என்பது எனக்கு வேடிக்கையாகவும் இருந்தது, பாரமாகவும் இருந்தது.

நல்ல மெஷின் என் கைக்கு வந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு. வைட்ஃபீல்டில் வயலெல்லாம் வீடாகிக்கொண்டிருந்தது. ஒரு புது பங்களாவின் சறுக்குக் கேட்டுக்கு உருளைகள் செய்து மாட்டும் வேலை எங்கள் பட்டறைக்கு வந்தது. அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பிய குடும்பம். கார் நிறுத்தும் இடத்தில் பிரிக்காத அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு ரெக்கார்டு பிளேயர், பிளாஸ்டிக் மூடியின் மேல் தூசியோடு, தரையில் கிடந்தது.

முதல் நாள் பார்த்தேன். இரண்டாம் நாள் குனிந்து பார்த்தேன். இசைத்தட்டை வைக்கிற வட்டு கனமாக இருந்தது, தொட்டால் சத்தமில்லாமல் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. நல்ல பேரிங்கில் மாட்டிய எதுவும் அப்படித்தான் சுற்றும். கேட்க வாய் வரவில்லை. மூன்றாம் நாள் வேலை முடிந்துவிட்டது. கை துடைக்கிற துணியின் சுத்தமான முனையை எடுத்து அந்த மூடியின் தூசியைத் துடைத்தேன். ஏன் செய்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. அந்த வீட்டம்மா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேக்கா?" என்றார். வேண்டுமா என்று கேட்கிறார்.

நான் துணியை மடித்துக்கொண்டு நின்றேன்.

"தகொண்டு ஹோகி, எடுத்துட்டுப் போங்க. நம்ம வீட்டுக்காரர் சிடி வாங்கிட்டார். முள்ளுகூட புதுசுதான், மாத்தி ரெண்டு மாசம்கூட ஆகல, அங்கேர்ந்து கிளம்பிட்டோம்." கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடித்தார். "ஆனா நூத்திப்பத்து வோல்ட். அப்படியே சொருகிடாதீங்க, புகைஞ்சிடும்."

நூற்றுப்பத்து எனக்குத் தெரியும். பெங்களூரில் அமெரிக்காவிலிருந்து வந்த மிக்சி, அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் உள்ள நோய் அது. எங்கள் பட்டறைக்கு அடுத்த கடை மோட்டார் காயில் சுற்றும் ஒரு பாயுடையது. அவரிடம் இருநூற்றிருபதை நூற்றுப்பத்தாகக் குறைக்கிற ஒரு டப்பா வேண்டும் என்றேன். இரண்டு நாளில் சுற்றிக் கொடுத்தார். மெஷினின் பின்னால் இருந்த தகட்டில் ஆங்கிலத்தில் என்னென்னவோ எழுதியிருந்தது. எனக்கு எண்கள்தான் ஓடும். 110 என்று இருந்தது, சரி. பக்கத்தில் 60 என்று இருந்தது. பல்பில் போட்டிருக்குமே அறுபது, அது போல என்று விட்டுவிட்டேன்.

பழைய பிளேயரின் ஆம்ப்ளிஃபயரோடு சேர்க்காமல், டேப் ரெக்கார்டர் கடையில் சொல்லி ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் தயார் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து தட்டை வைத்தேன். மனைவி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

உறுமல் இல்லை. அது முதல் ஆச்சரியம். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஒரு அமைதி வந்தது. அந்த அமைதிக்கே ஒரு இடம் இருந்தது, உயரமான கூரை உள்ள மண்டபம். பிறகு பாட்டு தொடங்கியது. சாவு வீட்டு அடக்கப் பாட்டு மாதிரி இழுத்து இழுத்து. அந்த நான்கு வரி வந்தபோது பாடியது பெண்ணே அல்ல, சளி பிடித்த பையன்.

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அக்காவைக் கூப்பிடுங்க. இது நான் இல்லைன்னு எழுதியே குடுத்துடுறேன்."

"மூணாவது வரி?"

"இந்த லட்சணத்துல எல்லா வரியும் மூச்சு வாங்குற மாதிரிதான் இருக்கு."

எண்ணெய் காய்ந்திருக்கும் என்று பேரிங்கைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டேன். மாறவில்லை. பெல்ட் தளர்ந்திருக்கும் என்று புதிதாக ஒன்று தேடி மாட்டினேன். மாறவில்லை. சீராகச் சுற்றியது, ஆனால் மெதுவாக. அதுதான் என்னை உறுத்தியது. தேய்ந்த மெஷின் சீராக மெதுவாகாது, தடுமாறும். இது ஒரு துளி தடுமாறாமல் மெதுவாக இருந்தது.

ஒரு மாலை தட்டின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டு ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணினேன். முப்பத்துமூன்று சொச்சம் வர வேண்டும். இருபத்தெட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. மூன்று முறை எண்ணினேன், மூன்று முறையும் அதேதான். காலையில் மெஷினைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பாயிடம் போனேன்.

அவர் தகட்டை ஒரு முறை பார்த்தார். "க்யா அண்ணா, இந்த அறுபது என்னன்னு நினைச்சீங்க?"

"வாட்."

"பல்பா இது?" கடைக்குள் இருந்தவர்களைப் பார்த்து, "அண்ணா ரெக்கார்டு பிளேயர்ல வெளிச்சம் போடப் போறாராம்" என்றார். பிறகு சொன்னார்: "அறுபது சைக்கிள். அமெரிக்கால கரண்ட் ஒரு செகண்டுக்கு அறுபது தடவை போயிட்டு வரும். நம்ம ஊர்ல அம்பதுதான். இந்த மோட்டார் கரண்ட்டைப் பாத்துத்தான் சுத்தும். அங்க ஆறு சுத்து சுத்துனா இங்க அஞ்சு."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே பாய்."

"மெஷினை எங்க காட்டுனீங்க? டப்பா கேட்டீங்க, டப்பா குடுத்தேன்."

"இப்ப அறுபது ஆக்க முடியாதா?"

"அதுக்கு நான் கரண்ட் ஆபீஸையே திருப்பிச் சுத்தணும்."

நான் மெஷினை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தேன். ஆறுக்கு ஐந்து என்ற வார்த்தை மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டாரின் முனையில் ஒரு சின்னப் பித்தளைப் புல்லி, அதிலிருந்து பெல்ட், பெல்ட்டில் தட்டு. மோட்டாரை நான் மாற்ற முடியாது. ஆனால் புல்லி பித்தளை. பித்தளை என் வேலை. மோட்டார் ஐந்து சுற்றினால் போதும், புல்லியின் சுற்றளவு ஆறு பாகம் இருந்தால் தட்டு சரியான வேகத்துக்கு வந்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு பருமன் கூட்ட வேண்டும். இதற்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை, லேத்தில் கியர் மாற்றுகிறவன் தினமும் போடுகிற கணக்குதான்.

பழைய புல்லியை மைக்ரோமீட்டரில் அளந்தேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பித்தளைக் கம்பித் துண்டை லேத்தின் சக்கில் பிடித்துக் கடைந்தேன். அடுத்த லேத்துக்காரன் டிபன் பாக்ஸோடு வந்து நின்றான்.

"என்னண்ணே, அண்ணிக்கு மோதிரமா?"

"புல்லி."

"இவ்ளோ சின்னப் புல்லியா? எறும்பு எதாவது ஆட்டுக்கல்லுக்கு ஆர்டர் குடுத்துச்சா?"

அந்த முதல் புல்லியை மாட்டியதும் பெல்ட் அரை நிமிடம் ஓடிவிட்டு நழுவி விழுந்தது. திரும்ப மாட்டினால் திரும்ப விழுந்தது. பழையதைக் கண்ணருகில் பிடித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அதன் நடுப்பகுதி மயிரிழை அளவு புடைத்திருக்கிறது. பெல்ட் புடைப்பின் மேல் ஏறி நடுவிலேயே நிற்கும். நான் தட்டையாகக் கடைந்திருந்தேன். இரண்டாவதில் புடைப்பு வந்தது, ஆனால் துளை நடுவில் இல்லை. எங்கள் ஜாபுகளில் அந்த அளவு கோணலை யாரும் கேட்கமாட்டார்கள். இதில் கேட்டது. பாட்டு மூச்சு விடுவது போல ஏறி இறங்கியது. பித்தளையில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று காதுக்குத் தெரிகிறதே என்று அதிசயமாக இருந்தது. மூன்றாவதைத் துளை போட்ட பிறகு சக்கிலிருந்து கழற்றாமல், அதே பிடிப்பில் வெளிப்புறத்தையும் கடைந்து முடித்தேன். அது சரியாக வந்தது. காகிதத் துண்டு முப்பத்துமூன்று முறை வந்து, இன்னொரு முறைக்குக் கொஞ்சம் தூரம் வந்ததும் நிமிடம் முடிந்தது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மதியம் சாப்பிட்டு முடித்ததும் தட்டை வைத்தேன். "இன்னிக்கும் பையன் பாடுவானா?" என்று கேட்டுக்கொண்டே மனைவி வந்து உட்கார்ந்தாள்.

ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ காகிதத்தைப் புரட்டினார்கள். தூரத்தில் ஒரு காகம். இதெல்லாம் இத்தனை வருடம் அந்தத் தட்டுக்குள்தான் இருந்தன. பிறகு அந்தப் பெண் பாடினாள், எங்களிலிருந்து நாலு அடி தள்ளி நின்று பாடுவது போல. முதல் வரி, இரண்டாவது வரி. மனைவி முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்த கையை இறுக்கினாள். மூன்றாவது வரி தொடங்கியது, ஏறியது, வளைந்தது, முடிந்தது. மூச்சு இல்லை.

நான் முள்ளைத் தூக்கித் திரும்ப வைத்தேன். இல்லை. மூன்றாம் முறையும் வைத்தேன். உதடு பிரிகிற சத்தம்கூடக் கேட்கிறது, நடுவில் மூச்சு மட்டும் இல்லை.

"அக்காதான்" என்றாள்.

"ஒருவேளை தட்டு போட்டவங்க டேப்புல வெட்டி…"

"ஒருவேளையெல்லாம் வேணாங்க. அக்காதான். எப்படிப் பாடியிருக்கா பாருங்க."

அந்தப் புல்லியைச் செய்யாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். பழைய மெஷினில் இன்னும் இருபது வருடம் சண்டை போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள், யாருக்கும் எதுவும் போயிருக்காது. கையை நீட்டி முள்ளை எடுக்கப் போனேன். அதற்குள் பாட்டு நான்காவது வரியைத் தாண்டி எல்லோரும் சேர்ந்து பாடும் இடத்துக்கு வந்துவிட்டது. என் கை அப்படியே நின்றது.

இருபது பேர் சேர்ந்து பாடத் தொடங்குவதற்கு ஒரு துளி முன்னால், ஒரு குரல் மட்டும் முந்திக்கொண்டு தொடங்கிவிட்டது. ஒரே ஒரு எழுத்து. பிறகு கூட்டத்துக்குள் போய்விட்டது. அந்த முந்துதல் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு ஜெபமாலையில் நான் பாதி மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் மீதியைத் தொடங்குகிறவள் அவள்.

நான் திரும்ப வைத்தேன். "இது யாரு?"

அவள் கவனித்துக் கேட்டாள். கழுத்து வரை சிவந்தது. "ஐயோ. அவசரக்குடுக்கை."

"யாரு?"

"அக்கா பாடினா நான் கும்பல்லதான நிப்பேன். மைக்குக்குப் பக்கத்துல நின்னிருக்கேன் போல." சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "இதுக்கும் மாஸ்டர் முகத்தைச் சுளிச்சிருப்பார்."

அக்காவுக்குச் சொல்லத்தான் வேண்டுமா என்று எனக்கு இருந்தது. என் மனைவி அதற்கெல்லாம் நிற்கவில்லை. அன்று மாலையே தெருமுனை ஃபோன் கடைக்குப் போனாள், நானும் பின்னால் போனேன்.

"அக்கா, அது நீதான். நல்லா கேட்டோம். நீதான்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. இவள் பதில்தான் கேட்டது. "எனக்கு ஒண்ணும் வேணாம். … இல்ல, அவர்கூட சண்டையும் இல்ல. … உடம்பும் நல்லாத்தான் இருக்கு. … நீயே வந்து கேளு."

மறுநாளே அக்கா வந்துவிட்டார். இத்தனை வருடம் அடித்துப் பேசியவர் அன்றைக்குச் செருப்பைக் கழற்றியதிலிருந்து பேச்சில்லாமல் இருந்தார். தன் நான்கு வரியையும் தலை குனிந்தபடி கேட்டார். முடிந்ததும், "இதுவா நான்?" என்றார். நிமிர்ந்து தங்கையைப் பார்த்து, "நீ எங்கடி இருக்க இதுல?" என்றார்.

என் மனைவி விரலைத் தூக்கிக் காத்திருந்து, சரியான இடத்தில் காட்டினாள்.

"கழுதை. அப்பவே அவசரம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு இரண்டாம் பக்கத்தையும் போடச் சொன்னார்கள். அதைப் பழைய மெஷினில் யாரும் முழுதாகக் கேட்டதில்லை. இரண்டாவது பாட்டின் நடுவில் ஒரு இருமல் வந்தது, தெளிவாக, இரண்டு முறை.

"யாருடி அது?"

"நீதான். உனக்குத்தான் அப்ப இருமல் இருந்துச்சு."

"எனக்கா? ஆம்பள இருமல்டி அது. மாஸ்டர்."

"மாஸ்டர் இருமுவாரா? நாம மூச்சு விட்டாலே முறைப்பாரு."

"தம்பி, இன்னொரு வாட்டி வைங்க."

வைத்தேன். அந்த மண்டபத்தில் நான் இருந்ததில்லை, ஆனாலும் நானும் குனிந்து காதைக் கொடுத்தேன். ஆம்பிளை இருமல் போலத்தான் இருந்தது. சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவர்கள் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்கள்.